தமிழ்நாட்டில் மலிவு வீட்டுத் திட்டங்களின் உள்ளாட்சிப் பரிசீலனை

மலிவு வீட்டுத் திட்டங்களின் உள்ளாட்சிப் பரிசீலனை என்பது, குறைந்த வருவாய்ப் பிரிவினருக்காக முன்மொழியப்படும் குடியிருப்பு ஒன்று கட்டப்படுவதற்கு முன்னர், அது அமையவிருக்கும் ஊரின் உள்ளாட்சி அமைப்பு அத்திட்டத்தை ஆராய்ந்து கருத்துக் கூறும் அல்லது அனுமதி அளிக்கும் நடைமுறை ஆகும். தமிழ்நாட்டில் இந்நடைமுறை ஒரே சட்டத்தில் ஒரே இடத்தில் வரையறுக்கப்படவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டம், உள்ளாட்சிச் சட்டங்கள், கட்டட விதிகள், நடுவண் அரசின் வீட்டுத் திட்ட வழிகாட்டு நெறிமுறைகள் ஆகியவற்றில் அது சிதறிக் கிடக்கின்றது. இதனால் ஓர் ஊராட்சியோ பேரூராட்சியோ தன் எல்லைக்குள் வரும் ஒரு பெரிய குடியிருப்பைப் பற்றி எந்த அளவுக்குப் பேச முடியும் என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்துள்ள லப்பைக்குடிக்காடு போன்ற ஒரு சிறு பேரூராட்சிக்கும், சென்னையை ஒட்டியுள்ள பெரும்பாக்கம் போன்ற ஓர் ஊராட்சிக்கும் இவ்வகையில் உள்ள அதிகாரங்கள் ஏறத்தாழ ஒரே அளவினவே. ஆனால் அவை எதிர்கொள்ளும் திட்டங்களின் அளவு முற்றிலும் வேறுபட்டது.

அரசமைப்புப் பின்னணி

1993 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 73 ஆம், 74 ஆம் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு அரசமைப்பு நிலையை வழங்கின. 74 ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12 ஆம் அட்டவணையில் நகரமைப்பு, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல், குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியன நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. 11 ஆம் அட்டவணையில் ஊரக வீட்டு வசதி இடம்பெற்றுள்ளது. எனினும் இவ்வட்டவணைகள் தாமாகவே அதிகாரத்தை மாற்றித் தருவதில்லை. எப்பணியை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கின்றது. தமிழ்நாட்டில் நகரமைப்பின் பெரும்பகுதி இன்றும் மாநில அரசின் துறைகளிடமும் குழுமங்களிடமுமே உள்ளது.

2022 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் 490 பேரூராட்சிகளும் இருந்தன. இவற்றுக்கு அப்பால் 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருந்தன. பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர் நகராட்சியும், அரும்பாவூர், குரும்பலூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு ஆகிய 4 பேரூராட்சிகளும் உள்ளன.

ஊருக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட அமைப்பாகிய பேரூராட்சியின் சட்ட நிலையும் அவ்வப்போது மாறியுள்ளது. 2004 இல் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகள் பெரும்பாலும் சிறப்பு நிலை ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006 இல் மீண்டும் பேரூராட்சிகளாக்கப்பட்டன. இம்மாற்றம் வெறும் பெயர் மாற்றமன்று. ஊராட்சியாயின் கிராம சபை கூட்டப்பட வேண்டும், ஊரக வீட்டுத் திட்டங்கள் பொருந்தும். பேரூராட்சியாயின் கிராம சபை இல்லை, நகர்ப்புற வீட்டுத் திட்டங்களே பொருந்தும். இரு திட்டங்களுக்கும் உதவித்தொகையும் பயனாளியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வெவ்வேறானவை.

அனுமதியின் இரு படிகள்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இன் கீழ் ஒரு கட்டடத்துக்கு இரண்டு ஒப்புதல்கள் தேவைப்படுகின்றன. முதலாவது திட்ட அனுமதி. அந்த நிலத்தில் அவ்வகைக் கட்டடம் அவ்வளவு பரப்பில் அமையலாமா என்பதை இது முடிவு செய்கின்றது. சென்னைப் பெருநகரப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் மாவட்ட அலுவலகங்களும் உள்ளூர் திட்டக் குழுமங்களும் இதனை வழங்குகின்றன. இரண்டாவது கட்டட அனுமதி. இதனை உள்ளாட்சி அமைப்பு வழங்குகின்றது. சிறிய கட்டடங்களுக்கு இரண்டையும் உள்ளாட்சியே வழங்கும் வகையில் அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. அதன்படி ஏறத்தாழ 10,000 சதுர அடிக்கும் 8 வீடுகளுக்கும் மேற்படாத குடியிருப்புக் கட்டடங்கள் உள்ளாட்சியின் வரம்புக்குள் வருகின்றன. 2024 சூலை மாதத்தில் தொடங்கப்பட்ட சுயசான்று முறையின்கீழ், 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகளுக்கு, இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம்.

இதன் விளைவு சற்று விந்தையானது. தனி ஒருவர் தம் மனையில் கட்டும் சிறு வீட்டின்மீது உள்ளாட்சிக்கு முழு அதிகாரம் உண்டு. 500 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வரும்போது தொழில்நுட்ப முடிவு மேலே சென்றுவிடுகின்றது. ஊரின் குடிநீர், கழிவுநீர், சாலை ஆகியவற்றின்மீது மிகுந்த தாக்கத்தை ஏற்படுத்துவது இரண்டாவது வகையே.

அரசுத் துறைகளும் வாரியங்களும் தாமே கட்டும் திட்டங்களுக்குச் சட்டம் தனி வழி ஒன்றை வகுத்துள்ளது. அத்துறை தன் எண்ணத்தையும் வரைபடங்களையும் திட்ட அமைப்புக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். திட்ட அமைப்பு மறுப்புத் தெரிவித்தால் துறை திட்டத்தைத் திருத்தலாம், அல்லது மறுப்புகளுடன் அரசுக்கு அனுப்பலாம். இறுதி முடிவு அரசினுடையது. அதாவது முன்மொழிபவரும் மேல்முறையீட்டைக் கேட்பவரும் ஒரே அரசின் இரு துறைகளாக அமைகின்றனர்.

கட்டடங்களின் உயரம், பக்க இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு போன்றவற்றை 2019 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. அதற்கு முன்னர் ஊராட்சிகளுக்கு 1997 ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகள் எனவும், நகராட்சி, மாநகராட்சிகளுக்கு வேறு விதிகள் எனவும் தனித்தனியே இருந்தன. 2019 விதிகள் வெளியானபோது 18.30 மீட்டர் உயரம் வரையிலான கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 ஆகவும், அதற்கு மேற்பட்ட உயர் கட்டடங்களுக்கு 3.25 ஆகவும் நிர்ணயிக்கப்பட்டது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டுவோர் நிலத்தின் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக வழங்க வேண்டும். அதே அளவிலான தனியார் குடியிருப்புகளில் 10 விழுக்காடு நிலம் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதியும் உண்டு. இவ்வொதுக்கீட்டை அதே வளாகத்திலன்றிச் சற்றுத் தொலைவிலும் காட்டலாம் என்ற சலுகை விதியிலேயே உள்ளதால், வசதி படைத்தோரும் ஏழைகளும் அருகருகே வாழும் குடியிருப்புகள் இதனால் அரிதாகவே உருவாகின்றன.

வேளாண் நிலமாயின்

மாவட்டங்களில் மலிவு வீட்டுத் திட்டத்துக்குக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு அல்லது ஊரின் ஓரத்திலுள்ள புன்செய் ஆகும். முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் நிலம் வேளாண் மண்டலத்தில் இருந்தால் அதனைக் குடியிருப்பு மண்டலமாக மாற்ற வேண்டும். முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளுக்கு 2017 ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகள் பொருந்தும். இதில் வேளாண் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் கருத்துகள் பெறப்பட்டு, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவுடன் மாற்றம் செய்யப்படுகின்றது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அதனையடுத்து 2017 இல் மனை வரன்முறைத் திட்டம் கொண்டுவரப்பட்டதும் இவ்விதிகளின் உடனடிப் பின்னணி ஆகும்.

முழுமைத் திட்டம் ஒன்று வரைவு நிலையில் வெளியிடப்படும்போது பொதுமக்கள் ஆட்சேபணை தெரிவிக்கச் சட்டம் காலம் ஒதுக்குகின்றது. ஒரு சாதாரணக் குடிமகன் தன் ஊரின் எதிர்கால வடிவம் பற்றி எழுத்து மூலம் கருத்துக் கூறக்கூடிய மிகச்சில வாய்ப்புகளில் இது ஒன்று. ஆனால் அறிவிக்கை நாளிதழில் சிறு எழுத்தில் வெளிவருவதாலும், புல எண்களைக் கொண்டே இடங்கள் குறிக்கப்படுவதாலும் பலர் அதனைக் கவனிப்பதில்லை.

சுற்றுச்சூழல் அனுமதி

2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பும் அதற்கு மேலும் உள்ள திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். சுரங்கம், சிமென்ட் ஆலை போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்படுவது அரியலூர், பெரம்பலூர் பகுதி மக்கள் நன்கு அறிந்ததே. ஆனால் கட்டுமானத் திட்டங்களும் குடியிருப்பு நகரியங்களும் இப்பொதுமக்கள் கலந்தாய்விலிருந்து அதே அறிவிக்கையால் விலக்கப்பட்டுள்ளன. ஆதலால் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கேட்கப்படும் ஊர்மக்களின் கருத்து, ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்ட குடியிருப்புக்குக் கேட்கப்படுவதில்லை.

வீட்டுத் திட்டங்களில் உள்ளாட்சியின் இடம்

ஊரகப் பகுதியில் 1985 இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2016 இல் வந்த பிரதம மந்திரி ஆவாஸ் யோசனா ஊரகத் திட்டமும் பயனாளிப் பட்டியலைக் கிராம சபையின் முன் வைக்கின்றன. 2011 ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பிலிருந்து பெறப்பட்ட பட்டியலைக் கிராம சபை சரிபார்த்து, தகுதியற்றோரை நீக்கவும் விடுபட்டோர் பற்றிக் கருத்துக் கூறவும் முடியும். மாநில அரசு 2024 இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் குடிசைகளில் வாழ்வோருக்கு 360 சதுர அடி வீடு கட்ட 3.5 இலட்சம் உரூபாய் வழங்குகின்றது.

இவ்விரு திட்டங்களிலும் வீடு பயனாளியின் சொந்த நிலத்திலேயே கட்டப்படுவதால் எங்கே கட்டுவது என்ற கேள்வி எழுவதில்லை. யாருக்கு என்பதே கேள்வி. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களுடன் பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. அவற்றில் மிகவும் காரசாரமான விவாதம் எழுவது பெரும்பாலும் வீட்டுப் பட்டியல் படிக்கப்படும்போதுதான்.

நகர்ப்புறத்தில் 2015 சூன் 25 அன்று தொடங்கப்பட்ட அனைவருக்கும் வீடு திட்டம் நான்கு பிரிவுகளைக் கொண்டிருந்தது. அவற்றுள் சிறு பேரூராட்சிகளில் மிகுதியாகப் பயன்பட்டது பயனாளி தாமே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவு. இதில் நடுவண் அரசு 1.5 இலட்சம் உரூபாயும் தமிழ்நாடு அரசு 60,000 உரூபாயும் ஆக 2.1 இலட்சம் உரூபாய், அடித்தளம், கூரை எனக் கட்டுமானம் உயரும் நிலைகளுக்கேற்பத் தவணைகளாக வழங்கப்பட்டது. பட்டா இல்லாதோர் இப்பிரிவில் பயன்பெற இயலவில்லை. ஏழையிலும் ஏழையான புறம்போக்குவாசிக்குக் கிடைக்காத உதவி, மனை உள்ளவருக்குக் கிடைத்தது.

நிலமற்றோருக்கு உரியது கூட்டாண்மையில் மலிவு வீடுகள் என்ற பிரிவு. குறைந்தது 250 வீடுகளும், அவற்றில் 35 விழுக்காடேனும் ஆண்டு வருமானம் 3 இலட்சம் உரூபாய்க்கு மேற்படாத பிரிவினருக்கும் இருக்க வேண்டும் என்பது இதன் விதி. தமிழ்நாட்டில் இவற்றைப் பெரும்பாலும் குடிசை மாற்று வாரியமே கட்டியது. பெரம்பலூர் நகரை அடுத்த கவுல்பாளையத்திலும் வாரியக் குடியிருப்பு அமைந்துள்ளது.

இத்திட்டத்தின் நெறிமுறைகள் உள்ளாட்சிக்குத் தேவை மதிப்பீட்டு ஆய்வு நடத்தும் பொறுப்பையும் அனைவருக்கும் வீடு செயல் திட்டம் தயாரிக்கும் பொறுப்பையும் தந்தன. ஒப்புதல் மாநில அளவிலான குழுவிடமும் பின்னர் நடுவண் குழுவிடமும் இருந்தது. அதே நெறிமுறைகள் மாநிலங்களுக்கு விதித்த கட்டாய நிபந்தனைகளில், குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான வீடுகளுக்குக் காலவரையறையுடன் ஒற்றைச் சாளர அனுமதி அளிப்பதும், முன்னரே ஏற்கப்பட்ட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டதாகக் கொள்வதும் அடங்கும். வீடற்றோருக்கு விரைவில் வீடு கிடைக்க வேண்டும் என்பதில் இந்நிபந்தனை நியாயமானது. உள்ளூர்ப் பரிசீலனைக்கான நேரம் இதனால் சுருங்கியது என்பதும் உண்மையே. 2024 செப்டம்பரில் இத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கப்பட்டது.

பரிசீலனையில் கவனிக்கத்தக்கவை

ஓர் உள்ளாட்சி மன்றம் இத்தகைய திட்டத்தைத் தன் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்போது முதலில் பார்க்க வேண்டியது நிலத்தின் வகைப்பாடு. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அந்நிலம் ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் நிலம் என இருக்கின்றதா என்று சரிபார்க்க வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டப்படும் அரசுக் கட்டடங்களுக்கும் நீதிமன்றங்கள் இசைவதில்லை.

அடுத்தது குடிநீர். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நடுவண் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் அளவீட்டின்படி பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், அது இல்லாத ஊரில் 70 லிட்டரும் வழங்கப்பட வேண்டும். 500 வீடுகளில் வீட்டுக்கு 4 பேர் எனக் கொண்டால் முதல் அளவீட்டின்படி நாளொன்றுக்கு 2,70,000 லிட்டரும் இரண்டாவதன்படி 1,40,000 லிட்டரும் தேவைப்படும். முதல் அளவில் நீர் தந்தால் அதில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பும். சாக்கடை இல்லாத சிறு பேரூராட்சியில் அதனை எங்கே விடுவது என்பதே உண்மையான கேள்வி. பல திட்ட அறிக்கைகளில் சுத்திகரிப்பு நிலையம் காட்டப்படுகின்றது. அதனை இயக்கும் மின்கட்டணத்தையும் ஆளுக்கான ஊதியத்தையும் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் யார் தருவர் என்பது பற்றி மன்றம் எழுத்து மூலம் உறுதி பெற்றுக்கொள்வது நன்று.

வெள்ளாறு போன்ற ஆற்றின் கரையிலுள்ள ஊராயின், வழக்கமான அளவில் வெள்ளம் வந்தால் நீர் எம்மட்டத்தை அடைகின்றது என்பதை அவ்வூர் முதியோர் அறிவர். வரைபடத்தில் உள்ள சமமட்டக் கோடுகளைவிட இவ்வறிவு சில வேளைகளில் நம்பத்தக்கது. இதனைத் திட்டக் கோப்பில் சேர்ப்பதற்கான முறையான வழி மன்றத் தீர்மானம் ஒன்றே.

பள்ளி, நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம், இடுகாடு ஆகியவை மற்ற கூறுகள். வீடுகள் ஒப்படைக்கப்பட்ட பின்னரே இவை பற்றி நினைக்கப்படுவது வழக்கமாகிவிட்டது.

மன்றங்கள் இல்லாத ஆண்டுகள்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவடைந்தது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தல் சென்னை உயர் நீதிமன்றத்தால் இரத்துச் செய்யப்பட்டது. அதன்பின் ஊரக உள்ளாட்சிகளுக்கு, பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் தேர்தல் நடைபெற்றது. நகர உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மன்றங்களின் அதிகாரத்தைத் தனி அலுவலர்கள் செலுத்தினர்.

நகர்ப்புற அனைவருக்கும் வீடு திட்டத்தின் முதல் கட்டத்தில் தமிழ்நாட்டுக்கான வீடுகள் பெரிதும் ஒப்பளிக்கப்பட்ட காலம் இதுவே என்பது கவனிக்கத்தக்கது. திட்டத்தை முன்மொழிந்ததும் அரசு அலுவலர், உள்ளாட்சியின் சார்பில் அதற்கு இசைவு தந்ததும் அரசு அலுவலர் என்ற நிலை நிலவியது. அந்நாளில் எழுதப்பட்ட தீர்மானப் புத்தகங்களில் எதிர்ப்பும் இல்லை, விவாதமும் இல்லை. 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிவடைந்தபோது அங்கு மீண்டும் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர்.

நகர உள்ளாட்சிகளில் கிராம சபைக்கு இணையான அமைப்பு நெடுங்காலம் இல்லாதிருந்தது. 2022 இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வெளியிடப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடத்தப்பட்டன. 1998 இல் இயற்றப்பட்டுப் பின்னர் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

பெரும்பாக்கமும் கண்ணகி நகரும்

குடிசை மாற்று வாரியம் 1970 இல் தோற்றுவிக்கப்பட்டது. 1971 இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளும் அவற்றில் ஏறத்தாழ 7.37 இலட்சம் மக்களும் கண்டறியப்பட்டனர். 1985 இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அதற்குப் பின்னர் குடிசைப் பகுதி என எதுவும் சட்டப்படி அறிவிக்கப்படாதது வியப்புக்குரியது. தொடக்கத்தில் வாரியம் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகளைக் கட்டியது. 1977 முதல் உலக வங்கி உதவியுடன் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் தரும் முறை பின்பற்றப்பட்டது. 2000 ஆம் ஆண்டளவில் நகரின் தென் விளிம்பில் பெருங்குடியிருப்புகளை அமைத்து மக்களை அங்கே மாற்றும் முறை மேலோங்கியது.

ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அமைந்த கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகளும், செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேற்பட்ட வீடுகளும், நடுவண் அரசின் நகரப் புதுப்பித்தல் திட்டத்தின் கீழ் பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டப்பட்டன. கண்ணகி நகரின் முதற்கட்ட வீடுகள் 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை. துரைப்பாக்கமும் செம்மஞ்சேரியும் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. பெரும்பாக்கம் அவ்விரிவாக்கத்தில் சேர்க்கப்படாமல் ஊராட்சியாகவே தொடர்ந்தது.

சில ஆயிரம் பேருக்கெனத் திட்டமிடப்பட்ட ஊராட்சி அலுவலகம் ஒன்றின் எல்லைக்குள் ஒரு நகரமே குடியேற்றப்பட்டதை இங்கே காணலாம். வீடுகளும் தெருக்களும் வாரியத்தின் பொறுப்பு என்றும், குப்பையும் தெருவிளக்கும் யார் பொறுப்பு என்றும் நீண்ட காலம் இழுபறி நிலவியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னர் அடையாறு, கூவம் கரைகளிலிருந்த குடும்பங்கள் இங்கு மாற்றப்பட்டன. வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி மாற்றப்பட்டோர் வந்து சேர்ந்த இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்தது, மழைக்காலத்தில் நீர் சூழ்வது. வீட்டு வேலை, மீன் விற்பனை, கட்டுமானக் கூலி என நகரின் நடுவே பிழைத்தவர்கள் 25 கி.மீ. அளவிலான தொலைவுக்குப் பேருந்தில் செல்ல நேர்ந்தது. கல்வியாண்டின் நடுவே மாற்றப்பட்டதால் மாணவர் பலரின் படிப்பு தடைப்பட்டது.

இத்திட்டங்களில் இரு தரப்பினரின் கருத்தும் கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று இடம்பெயர்வோர். மற்றது ஏற்கும் ஊர். இரண்டாமவரின் பிரதிநிதியாக இருக்க வேண்டியது ஊராட்சி. 2021 இல் தமிழ்நாடு அரசு மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கையின் வரைவு ஒன்றைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. குடிசை மாற்று வாரியம் அதே ஆண்டில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கட்டுமானத் தரம்

2021 ஆகத்து மாதத்தில் சென்னை புளியந்தோப்பு கே. பி. பூங்கா பகுதியில் புதிதாகக் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது தெரியவந்து, இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னையின் வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பழைய வாரியக் கட்டடத் தொகுதி ஒன்று இடிந்து வீழ்ந்தது. விரிசலைக் கண்ட குடியிருப்போர் முன்னரே வெளியேறியதால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

அனுமதி நிலையில் வரைபடம் ஆராயப்படுகின்றதே அன்றிக் கட்டுமானம் ஆராயப்படுவதில்லை. வாரியத் திட்டங்களில் கட்டுபவரும் தரத்தைச் சான்றளிப்பவரும் ஒரே அமைப்பின் பொறியாளர்களாக இருப்பதால், உள்ளாட்சியின் பொறியாளருக்கு இடையில் நுழைய இடமில்லை.

எதிர்ப்பின் மறுபக்கம்

உள்ளாட்சிக்கு அதிக அதிகாரம் தரப்பட வேண்டும் என்ற கருத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. ஊர் என்பது ஒரே குரல் உடையதன்று. ஆதிதிராவிடருக்கு வீட்டுமனை வழங்க நிலம் எடுக்கும்போது பிற சாதியினரிடமிருந்து எதிர்ப்பு எழுவது தமிழ்நாட்டில் பன்னெடுங்காலமாகக் காணப்படுவது. அந்த எதிர்ப்பு பெரும்பாலும் நீர்வரத்து, பாதை, கோயில் நிலம் என்ற மொழியிலேயே வெளிப்படும். இத்தகைய தாமதங்களைத் தவிர்க்கவே மாநில அரசு 1978 இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் தனிச் சட்டத்தை இயற்றியது. உச்ச நீதிமன்றம் 1994 இல் அச்சட்டத்தை ஏற்று, இழப்பீட்டைத் தவணைகளில் தரலாம் என்ற பிரிவை மட்டும் நீக்கியது.

1997 இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டம் வேறொரு வழியை முயன்றது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 ஏனையோருக்கும் எனக் கலந்து ஒதுக்கப்பட்டன. முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் அமைந்தது. ஒதுக்கீட்டு விகிதத்தை மாநில அரசே முடிவு செய்ததால் அது ஊர்ப் பெரும்பான்மையின் விருப்பத்துக்கு விடப்படவில்லை.

பிற நாடுகளில்

இதே சிக்கலை அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலம் 1969 இல் இயற்றிய 40பி எனப்படும் சட்டப் பிரிவின் மூலம் அணுகியது. அங்கு நகரங்களுக்கு நில மண்டல அதிகாரம் மிகுதி. வசதி படைத்த புறநகரங்கள் பெரிய மனை அளவுகளை விதித்து ஏழைகளின் வீடுகளைத் தடுத்துவந்தன. 40பி பிரிவின்படி, ஒரு நகரின் மொத்த வீடுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே மலிவு வீடுகளாக இருந்தால், குறிப்பிட்ட பங்கு மலிவு வீடுகளைக் கொண்ட திட்டத்துக்கு உள்ளூர் மண்டல மேல்முறையீட்டு வாரியத்திடம் ஒரே விண்ணப்பத்தில் அனைத்து அனுமதிகளையும் கோரலாம். வாரியம் 30 நாள்களுக்குள் பொது விசாரணையைத் தொடங்க வேண்டும், விசாரணை முடிந்து 40 நாள்களுக்குள் முடிவு கூற வேண்டும். மறுக்கப்பட்டால் மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். 2010 இல் இச்சட்டப் பிரிவை நீக்கக் கோரி நடந்த பொது வாக்கெடுப்பு தோல்வியடைந்தது.

இங்கிலாந்தில் 1990 ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 106 ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி மன்றம் கட்டுநருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, அனுமதிக்கு ஈடாக மலிவு வீடுகளைப் பெறுகின்றது. சிங்கப்பூரில் 1960 இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வீடுகளைக் கட்டுவதால் உள்ளாட்சி அனுமதி என்ற கேள்வியே பெரிதும் எழுவதில்லை.

மாசச்சூசெட்சில் ஊரின் அதிகாரம் மிகுந்ததால் அதனைக் குறைக்கச் சட்டம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறானது. ஆயினும் அங்குள்ள நடைமுறையில் விண்ணப்பமும் வரைபடமும் நகர அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்படுகின்றன, கட்டப்படும் முன்னர் பொது விசாரணை நடைபெறுகின்றது. தமிழ்நாட்டில் அதே ஆவணங்களைக் காண விரும்புவோர் பெரும்பாலும் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கின்றனர். அதற்கு விடையளிக்க 30 நாள்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. விடை வரும்போது அடித்தளம் தோண்டப்பட்டிருப்பதும் உண்டு.